மீனுக்குப் போர்த்திய துண்டு

ஜனவரி 28, ஞாயிறு

புது டைரி. மகள் மங்கை கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியது. "சும்மா உக்காந்திருக்காம எதையாவது எழுதும்மா" என்று போனில் உத்தரவு. வார்டில் ட்யூட்டி மாறும்போது அடுத்து வரும் நர்ஸுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் யார், எவர் என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் செங்கமலம். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை, அதில் பாதி தீக்காய வார்டில். இப்போது ஓய்வு. என் கணவர் திருநாவுக்கரசு போன பிப்ரவரியில் மாரடைப்பில் போனார். அவர் ஆரம்பித்த தூண்டில் நண்பர்கள் சங்கத்துக்கு இப்போது அவருடைய தம்பி சம்பந்தம் தலைவர். நான் உறுப்பினர். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். என்னைச் சேர்த்துக்கொண்டார்களா, பொறுத்துக்கொண்டார்களா என்று நான் கேட்டதில்லை.

சங்கத்துக்கு வேலை ஒன்றுதான். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே மரைக்காயர் பாய் ஒரு பழைய இறால் குட்டையில் கொடுவா மீன் விட்டு வளர்க்கிறார். மாதம் ஒரு ஞாயிறு அங்கே போய்த் தூண்டில் போடுவோம். பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடுவோம். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். எதிர்வீட்டு அம்புஜத்துக்கு இது இன்றுவரை புரியவில்லை. "கொழம்பு வெக்காத மீனுக்கு எதுக்குடி வெயில்ல காயறே" என்கிறாள்.

இன்று சம்பந்தம் பெரிய மீன் ஒன்று பிடித்தான். வாலின் மேல்நுனி கடிபட்டுக் குறைந்திருந்த மீன். கரையில் போட்டதும் துண்டு வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் முதன்முதலில் பெரிய கொடுவா பிடித்தபோது, "வந்த விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பலாமா" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து மேடையில் பொன்னாடை போர்த்துவதுபோல மீனுக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டு விட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தது சட்டமாகிவிட்டது. துண்டு போர்த்திய படம் இல்லாமல் மதிப்பெண் கிடையாது. வருஷா வருஷம் புதுத்துண்டு அச்சடிப்பார்கள். போன வருஷப் படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது பாருங்கள்.

இந்த வருஷத் துண்டு இன்றுதான் வந்தது. ஒரு முனையில் 'அமரர் திருநாவுக்கரசு நினைவுக் கோப்பை', மறுமுனையில் அவர் முகம். சம்பந்தம் என்னிடம் விரித்துக் காட்டினான். "நல்லாருக்கா அண்ணி?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

சம்பந்தம் முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டான். இரண்டாவதில் அவர் முகம் மடிந்துவிட்டது. மூன்றாவது சரியாக வந்தது. மீனைத் தண்ணீரில் வைத்ததும் வாலை ஒரு அடி அடித்துப் போயிற்று. "விட்டாச்சு" என்று எல்லோரும் கத்திக் கை தட்டினோம்.

கிளம்பும்போது மரைக்காயர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், நீங்க வந்துட்டுப் போனா நாலஞ்சு நாள்ல மீன் செத்து மெதக்குது. மாசா மாசம். கோப்பைப் போட்டியோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். திரும்ப இறாலே விட்டுடுறேன்" என்றார். பின்னால் நின்ற சம்பந்தத்துக்கும் கேட்டுவிட்டது. "எதிர்க்கரைப் பண்ணைக்காரன் மருந்துத் தண்ணிய வாய்க்கால்ல விடுறான் பாய். அவன் மேல புகார் எழுதித் தரேன், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றான்.

கோப்பைப் போட்டி பிப்ரவரி 25. அதற்குள் மீன் சாவதை நிறுத்தாவிட்டால் குட்டை போய்விடும். குட்டை போனால் சங்கமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

கேஸ் வந்தது. மின்கட்டணம் கட்டினேன். கோப்பைக்கான துண்டுக் கட்டைச் சம்பந்தம் இங்கேதான் இறக்கிவைத்திருக்கிறான், கட்டிலின் அந்தப் பக்கத்தில். மேலே இருக்கும் துண்டில் முகம் தெரிகிற மாதிரி மடித்திருக்கிறார்கள். மேலே ஒரு போர்வையைப் போட்டேன். தூசி படக்கூடாது.

பிப்ரவரி 1, வியாழன்

காலையில் பாய் போன் செய்தார். போனேன். கரையோரக் கோரையில் மூன்று மீன் ஒதுங்கிக் கிடந்தன. பெரியதற்கு வாலின் மேல்நுனி குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கை தட்டி வழியனுப்பிய அதே மீன்.

காகத்தை விரட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செவுள் நன்றாக இருந்தது. தூண்டில் முள் குத்திய இடம் உதட்டோரத்தில், சின்னக் காயம். அதனால் சாகாது. முதுகிலிருந்து வயிறுவரை இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்து, பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது. தலைப்பக்கம் இல்லை. வால்பக்கம் இல்லை. நடுவில் மட்டும், பட்டையாக. மற்ற இரண்டிலும் அப்படியே.

கையால் அகலம் பார்த்தேன். ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல்.

எனக்கு ஒன்று தோன்றியது. இன்று எழுத வேண்டாம்.

பிப்ரவரி 2, வெள்ளி

சரி, எழுதுகிறேன்.

ஞாயிறன்று மீனுக்குப் போர்த்திய துண்டைத் துவைக்க என்னிடம்தான் கொடுத்தார்கள். எப்போதும் நான்தான் துவைப்பேன். பையிலேயே கிடந்தது. இன்று எடுத்தால் நடுப்பகுதி கஞ்சி போட்டதுபோல் விறைத்துப் பளபளக்கிறது. நகத்தால் கீறினால் பசை மாதிரி உரிகிறது. மீன் உடம்பின் வழும்பு. நமக்குக் கையில் ஒட்டினால் அருவருப்பு. மீனுக்கு அதுதான் மேல்தோல்.

மடித்து நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாண், நாலு விரல்.

தீக்காய வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நோயாளி பேசுவான், சிரிப்பான், காபி கேட்பான், பிழைத்துவிட்டான் என்று நினைத்துவிடாதே, தோல் போன இடத்தில் நாலாம் நாள் என்ன வருகிறது என்று பார். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு வருஷமாகக் கரையில் நின்று கை தட்டியபோது எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை.

புதுத்துண்டு, காய்ந்த துண்டு, மொடமொடப்பான துண்டு. மீன் வழுக்கிவிடக் கூடாது என்று அதைப் போட்டு அழுத்தியும் பிடிக்கிறோம். மரியாதை செய்கிறோம் என்று தோலை உரித்து அனுப்பியிருக்கிறோம். அதுவும் அவர் முகத்தை வைத்து.

துண்டை ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். முகம் உள்பக்கம் இருக்கும்படி மடித்துப் போட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சம்பந்தத்தைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கொடுவா வாங்கவில்லை, கத்தரிக்காய்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டான். பிறகு மடிக்காமல் வைத்துவிட்டான்.

"அண்ணன் பண்ணது தப்புங்கறீங்களா அண்ணி?"

"அவரு பண்ணதச் சொல்லல. நாம பண்றதச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே. அவரு ஆரம்பிச்சதுதானே."

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அன்னிக்கு அவரு துண்டு ஈரமா இருந்துச்சுடா. காலையிலேருந்து தூறல். நனைஞ்ச துண்டு. அந்த மீனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நாமதான் புதுத்துண்டு, காஞ்ச துண்டுன்னு மாத்திட்டோம்" என்றேன்.

அவனுக்கு உயிர் வந்தது. "அதானே பார்த்தேன். எங்க அண்ணனுக்குத் தெரியாதா" என்றான். உடனே அடுத்ததையும் பிடித்துக்கொண்டான். "ஆனா நம்ம மீனும் துண்டால சாகல அண்ணி. எதிர்க்கரை மருந்துத் தண்ணி. நான் எழுதி வெச்சிருக்கேன்."

"அந்தத் தண்ணியிலதானே எல்லா மீனும் கெடக்குது. நாம தொட்டது மட்டும் ஏன் சாவுது?"

"நாம தொட்டதுன்னு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பார்த்துவிடலாம் என்றேன். குட்டைக்குள் பக்கம் பக்கமாக இரண்டு தடுப்பு வலை. ஒன்றில் துண்டு போர்த்திய மீன், மற்றதில் துண்டே படாத மீன். ஒரே தண்ணீர். ஒரு வாரம் பார்ப்போம். துண்டு மீன் பிழைத்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், புகாரில் முதல் கையெழுத்தும் என்னுடையது. செத்தால் துண்டு போக வேண்டும்.

"துண்டு போவணும்னா கோப்பை அன்னிக்கே போவணுமா? அண்ணன் பேர்ல வெக்கிற மொத கோப்பை அண்ணி."

"அன்னிக்கே."

வெற்றிலையைப் போடாமலே போய்விட்டான்.

அன்று தூறல் இருந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

காலையிலேயே குட்டையில். பாய் கொசுவலை மாதிரி மெல்லிய வலை கொடுத்து ஆளும் அனுப்பி, இரண்டு தடுப்பும் கட்டிக்கொடுத்தார். மீன் உரசினாலும் கீறாத வலை. மரக்கம்பத்தில் அவரே சுண்ணாம்பால் ஒன்று, இரண்டு என்று எழுதினார். ஒன்றாம் வார்டு சம்பந்தத்துக்கு, இரண்டாம் வார்டு எனக்கு.

அவன் முறைப்படியே செய்தான். மீனைக் கரைக்குத் தூக்கி, துண்டு போர்த்தி, ஒரு படம், இரண்டு படம். "ஐயா, தங்கள் வருகைக்கு நன்றி" என்று மீனிடம் ஒரு சொற்பொழிவு. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் சிரித்தேன். அண்ணன் குரலில் அப்படியே பேசுவான்.

என் மீன்களைத் தண்ணீரை விட்டு எடுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை நனைத்துக்கொண்டு, கைவலையிலேயே வைத்து முள்ளை எடுத்து அப்படியே வலைக்குள் விட்டேன். ஐந்தாவது மீன் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. இடுக்கியை விட்டு எடுத்துவிட்டேன். ரத்தம் கொஞ்சம் வந்தது.

அவனுக்கும் ஐந்து, எனக்கும் ஐந்து. சாயங்காலம் பத்தும் நன்றாக நீந்தின.

புடவை கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவது நடக்காது. இவருடைய பழைய கால்சட்டையைக் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டேன். அம்புஜம் பார்த்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள்.

பிப்ரவரி 8, வியாழன்

பத்தும் நலம். சம்பந்தம் போனில், "ஒன்றாம் வார்டு எப்படி சிஸ்டர்?" என்கிறான். கிண்டல்.

மங்கை போன் செய்தாள். அப்பா சட்டைகளை யாருக்காவது கொடுத்தாயா என்று கேட்டாள். பீரோவில் இருக்கட்டும், வெயில் வந்ததும் உதறிவைத்துக் கொடுக்கலாம் என்றேன். "வெயில்தானே அடிக்குது" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

என் வலையில் ஒன்று செத்துவிட்டது. அவன் வலையில் ஐந்தும் துள்ளிக்கொண்டிருக்கின்றன.

எடுத்துப் பார்த்தேன். முள்ளை விழுங்கிய மீன். உடம்பில் ஒரு கீறல் இல்லை, தொண்டை கிழிந்திருக்கிறது. நான்தான் கிழித்தேன். உடம்புக்குள் இரும்பை விட்டுவைக்கக் கூடாது என்பது மனிதனுக்குச் சரி. ஆழமாக விழுங்கிய முள்ளை இழுக்காமல் தூண்டில் நரம்பை வாயோரமாக வெட்டி விட்டிருந்தால், முள் தானாகத் துருப்பிடித்து விழுந்திருக்கும் என்று பாய் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். "நீங்க யாரையும் கேக்கலியே சிஸ்டர்" என்றார். அதுவும் உண்மைதான்.

சம்பந்தத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். மறைத்தால் அவன் எப்படி நம்புவான். "அப்ப துண்டு போர்த்தாததுதான் சாவுது" என்றான். சிரிக்கவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விடப்போவதில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒன்றாம் வார்டில் இரண்டு மீன் மேலே வந்து சோர்ந்து மிதக்கின்றன. முதுகில் வெள்ளை. பட்டையாக.

சம்பந்தத்தை வரச்சொன்னேன். வந்தான். குனிந்து நெடுநேரம் பார்த்தான். அவனே கையை நனைத்துக்கொண்டுதான் ஒரு மீனைத் தொட்டான். அதை நான் கவனித்ததை அவனும் கவனித்தான்.

"இதுக்கு மருந்து எதுவும் இல்லையா அண்ணி?"

"குட்டையிலயே இருக்கற மீனுக்கு யாரு கட்டுப் போடறது?"

"ரெண்டாம் நம்பர்ல இருக்கற நாலும்?"

"நீயே பாரு."

பார்த்தான். நாலும் வலையின் அடியில், பிடித்த அன்று இருந்தது போலவே கறுத்து மினுமினுவென்று நின்றன. ஒன்று அவன் நிழலைக் கண்டு விருட்டென்று திரும்பியது.

'பார்த்தியா' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

காலையில் பாய் போன். ஒன்றாம் வார்டில் மூன்று போய்விட்டன, நாலாவது சாயங்காலம் வரை தாங்காது.

இன்று இவருக்கு முதல் வருஷத் திதி. ஐயர் பத்து மணிக்கு வந்து முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். மங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. சம்பந்தமும் அவன் மனைவியும் வந்தார்கள். படையலுக்கு வாழைக்காய், சேனை, உளுந்து வடை, அவருக்குப் பிடித்த அதிரசம்.

மாலை போடப் படத்தை இறக்க வேண்டியிருந்தது. அந்த முதல் கொடுவாவோடு இவர் நிற்கிற படம்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. ஒரு வருஷமாக அதைத் துடைக்கிறேன். பார்த்துத் துடைத்ததில்லை. இன்று மடியில் வைத்துச் சந்தனம் வைக்கும்போது பார்த்துவிட்டேன்.

வெயில் அடிக்கிறது. நிழல் தரையில் கறுப்பாக விழுந்திருக்கிறது. சட்டைக் கையில் நான் போட்ட இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. மீன் மேல் போர்த்திய துண்டு மொடமொடவென்று ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது. தூறலும் இல்லை, ஈரமும் இல்லை. மனிதர் பல் தெரியச் சிரிக்கிறார்.

சாப்பாடு முடிந்து சம்பந்தத்தின் மனைவி பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். அவன் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சம்பந்தம், அன்னிக்குத் தூறல் இல்லடா. துண்டு காஞ்சுதான் இருந்துச்சு. நீ வருத்தப்படுவேன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அவன் படத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணி. படம் எடுத்ததே நான்தானே."

நழுவியிருந்த மாலையைச் சரிசெய்தேன்.

"அப்ப அந்த மீனும்..." என்றான்.

"செத்திருக்கும். அவரு தெரியாம பண்ணாரு. தெரிஞ்சிருந்தா மொத ஆளா நிறுத்தியிருப்பாரு. இப்ப நமக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் அவரு மொகத்த வெச்சு அதையே பண்ணினா, அதுதான்டா அவருக்குப் பண்ற அவமரியாதை."

அவன் துண்டால் கண்ணைத் துடைத்தான். அவன் தோளில் கிடந்தது சாதாரணத் துண்டுதான். "அவருக்குன்னு நான் பண்ண முடிஞ்சது அந்தத் துண்டு ஒண்ணுதான் அண்ணி. அச்சடிக்கறதுக்கு எந்தப் படம், எந்தக் கலர்னு ஒரு மாசமா அலைஞ்சேன். அலையறப்ப அவரு கூடவே இருக்கற மாதிரி இருந்துச்சு" என்றான்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. தினமும் குட்டைக்குப் போய் மீன் எண்ணுகிற என்னிடம் போய் இதைச் சொல்கிறானே.

போகும்போது சட்டைப் பையிலிருந்து அந்தப் புகாரை எடுத்து நாலாகக் கிழித்து வாசல் குப்பைக் கூடையில் போட்டான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சங்கக் கூட்டம். நாற்காலி போட்டு, உரக்கடை பக்கிரிசாமி வீட்டு மாடியில்.

நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். துண்டு இல்லாவிட்டால் இந்த வருஷப் படம் என்று எப்படித் தெரியும்? மீனைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் யார் பிடித்தது என்று எப்படித் தெரியும்? பக்கிரிசாமி ஒரு படி மேலே போனார். "அரசு அண்ணன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பாரா? வூட்டம்மாவே வந்து அவரு பேர எடுக்கச் சொல்றது நல்லாவா இருக்குது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தம் எழுந்துவிட்டான். "அண்ணன் பேரு கோப்பையில இருக்குது. மீன் முதுகுல எதுக்கு? நானே துண்டு போர்த்தினேன், நானே செத்தத எண்ணினேன். சந்தேகம் இருக்கறவன் என் கூட வா, இன்னொரு அஞ்சு மீனக் கொன்னு காட்டறேன்" என்றான். யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிவானது இது. மீன் கைவலையில் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அன்று காலை கொடுக்கும் வண்ணக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, நனைத்த கையை மீன் பக்கத்தில் வைத்து மேலேயிருந்து ஒரு படம், ஒரே படம். அளவுகோலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அளப்பது. முள்ளின் கொக்கி முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் போடுவது. ஆழமாக விழுங்கினால் நரம்பை வெட்டுவது. கடைசியை நான்தான் சொன்னேன், எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து.

பாய் போட்டி நடத்தச் சம்மதித்தார். போட்டி முடிந்த ஒரு வாரம் கரையைப் பார்ப்பேன், ஒரு மீன் வெள்ளைப் பட்டையோடு ஒதுங்கினாலும் குட்டை இறாலுக்குத்தான் என்றார். சரி என்றேன். எல்லோரையும் கேட்டுக்கொண்டு சரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோப்பை.

விடிந்ததிலிருந்து ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்தேன். கையை நனை, தூக்காதே, போதும் விடு. வார்டில் இருந்ததைவிட அதிகமாகக் கத்தினேன். பக்கிரிசாமி, "ஹெட் நர்ஸ் ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிரிக்கட்டும். கையை நனைத்தார்.

பதினொரு மணிக்குத்தான் என் தூண்டிலைப் போட்டேன். போட்ட சிறிது நேரத்தில் இழுத்தது. அப்படி ஒரு இழுப்பை நான் பார்த்ததில்லை. குட்டையின் பாதியைச் சுற்றி நடக்கவைத்தது. பக்கத்தில் கொண்டுவந்தபோது எல்லோரும் மற்றதை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சந்தேகமே இல்லை, அன்றைய பெரிய மீன். இதுவரை இந்தக் குட்டையில் பிடித்ததிலேயே பெரிதாக இருக்கலாம். கைவலைக்குள் பாதிதான் அடங்கியது.

அவர் பெயரில் வைக்கிற முதல் கோப்பையை நான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் படத்துக்குக் கீழே வைக்கலாம். அந்த நினைப்பு வராமல் இல்லை. அதற்காகத்தான் தூண்டிலையே போட்டேனோ என்னவோ.

முள்ளை எடுத்தேன். சம்பந்தம் அளவுகோலை மிதக்கவிட்டான், மீன் வளைந்துகொண்டே இருந்தது. "ஒரே ஒரு வாட்டி தூக்குங்க அண்ணி, ரெண்டு செகண்டு" என்று யாரோ சொன்னார்கள். "ஈரத் துணி இருக்குது, தரவா?" என்று இன்னொருவர். போட்டோ எடுக்கிற பையன் தண்ணீரில் இறங்கத் தயங்கிக்கொண்டு நின்றான். மீன் மூச்சு வாங்குவது கையில் தெரிந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. நீளமான போராட்டம், வெயில் ஏறிவிட்டது, இதற்கு மேல் வைத்திருந்தால் தாங்காது. எனக்கு அது தெரியும். அளவும் இல்லை, படமும் இல்லை.

வலையைத் தாழ்த்தினேன். அது உடனே போகவில்லை. என் முழங்காலை ஒட்டி நின்றது. பிறகு ஆழத்துக்குப் போயிற்று.

யாரும் "விட்டாச்சு" என்று கத்தவில்லை. சம்பந்தம் மட்டும் மெதுவாகச் சொன்னான், "போயிடுச்சு அண்ணி."

கோப்பை பக்கிரிசாமிக்கு. வாங்கும்போது, "இது சிஸ்டரோடது, நான் வெச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். அந்த ஆளிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் சம்பந்தம் துண்டுக் கட்டைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தான். "மீனுக்கு இல்ல, மனுஷனுக்கு. கை மொகம் தொடைச்சுக்கங்க" என்றான். பக்கிரிசாமி உடனே விரித்துக் கழுத்து வேர்வையை அழுந்தத் துடைத்தார், என் கணவர் முகம் இருந்த பக்கத்தாலேயே. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பொறாமையாக இருந்தது.

எனக்குக் கொடுத்ததைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

நாலாம் நாள். பாய்க்கு நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

மங்கையிடம் அப்பா சட்டைகளில் எட்டை எடுத்துவைத்திருக்கிறேன் என்று சொன்னேன். இரண்டை எடுக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கெடு முடிந்தது. விடிகாலையில் போனேன். பாய் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "நான் சொல்லல, நீங்களே பார்த்துக்கங்க" என்றார்.

குட்டையைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு கோரைப் புதரையும் விலக்கிப் பார்த்தேன். மேட்டிலிருந்து தெரியாத மூலைக்குத் தண்ணீரில் இறங்கியே போனேன். வழுக்கி மார்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்தேன். ஒரு நண்டு செத்துக் கிடந்தது. மீன் ஒன்றும் இல்லை. மூன்றாம் மூலையில் தண்ணீர் ஒரு தடவை பெரிதாகச் சுழித்து அடங்கியது. அதுவாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

"அப்ப இறாலு வேணாம்" என்றார் பாய். "அடுத்த மாசம் எந்த ஞாயிறு வர்றீங்கன்னு சொல்லிடுங்க, மதகு தெறக்கணும்."

பாய் போன பிறகு வண்டிக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றேன். தலையெல்லாம் சேறு. துடைத்துக்கொள்ள வேறு எதுவும் கொண்டுவரவில்லை. பையில் அது ஒன்றுதான் இருந்தது.

பிரித்தேன். மொடமொடவென்றுதான் இருந்தது. இவர் முகம் இருந்த பக்கத்தை வெளியே மடிக்கவில்லை. அப்படியே முகத்தில் வைத்து அழுத்தித் துடைத்தேன். தலை, கழுத்து, கை எல்லாம் துடைத்தேன். பிறகு திரும்பவும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

நல்ல துணி. நன்றாக ஈரம் இழுக்கிறது. வீட்டுக்கு வந்து அலசிக் கொடியில் போட்டேன், முகம் வெளியே தெரியும்படி. அம்புஜம் எட்டிப் பார்த்து, "ஏண்டி, அவர இப்படி வெயில்ல காயப்போட்டுட்டியே" என்றாள்.

"நனைஞ்சிருக்காரு. காயட்டும்" என்றேன்.